ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேட்கும் இரைச்சல்

இருக்கிறது. இன்றைக்கும் இருக்கிறது. வீணை இசைத்தட்டு இன்னும் சுற்றவே ஆரம்பிக்கவில்லை, ஊசிக் கை அதன் தாங்கியில் சும்மா கிடக்கிறது, ஆம்பிளிஃபயரின் சிவப்பு விளக்கு எரிந்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, அதற்குள் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் அது வந்து சம்மணம் போட்டுவிட்டது, ம்ம்ம்ம் என்று, கூப்பிடாத ஒரம்பரைச் சொந்தக்காரன் பந்தியில் முதல் ஆளாக உட்கார்கிற மாதிரி. பூங்கோதை பிரம்பு நாற்காலியை விட்டு அசையவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள். நொடிக்கு ஐம்பது சைக்கிள், கரண்டின் சொந்தச் சுருதி. சந்தேகமே இல்லை, ஐம்பதும் அதன் மேல் கொஞ்சம் நூறும். அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும், மின்வாரியத்தில் முப்பத்தெட்டு வருஷம் அந்த ஓசையோடு குடித்தனம் நடத்தியவள் அவள். ஜூனியர் இன்ஜினியராகச் சேர்ந்த அன்றைக்குத் துணைமின் நிலையத்து வாசலில் அதுதான் அவளை வா என்றது, ரிட்டையர் ஆன அன்றைக்கு மாலையைக் கழற்றி வைக்கும்போதும் ஜன்னலுக்கு வெளியே அதுதான் கேட்டுக்கொண்டிருந்தது. அதைப் போய் இல்லை என்கிறார்கள். உங்கள் காதுக்குள்தான் இருக்கிறது என்கிறார்கள். யார் சொல்கிறது? ஈரோட்டில் ஒரு காது டாக்டர், முப்பத்தைந்து வயதுகூட இருக்காது, போன புதன்கிழமை ஒரு கண்ணாடி அறைக்குள் அவளை உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, பீப் என்று கேட்டால் பொத்தானை அமுக்குங்கள் என்றான். அமுக்கினாள். எல்லாவற்றுக்கும் அமுக்கியதாகத்தான் நினைத்தாள். வெளியே வந்ததும் அவன் ஒரு தாளைக் காட்டினான், கோடு வலது பக்கம் போகப் போகச் சரிந்திருந்தது, கூர்மையான சத்தங்கள் கேட்கவில்லை என்று அர்த்தமாம். "இந்த இரைச்சல் எப்பெப்பம்மா கேக்குது?" "ஞாயித்துக்கெழமைலீங்க." அவன் பேனாவைக் கீழே வைத்தான். "மத்த நாள்ல?" "மத்த நாள்ல தெரு பூராத் தறி ஓடுதுங்களே, எது கேக்கும்?" அவன் சிரிக்கவில்லை, அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை, சிரித்திருந்தால் இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம். பக்கத்தில் நின்ற மகள் இந்துஜாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னான், இந்த வயசுல காது தானாவே ஒரு சத்தத்தை உண்டாக்கிக்கும், விசைத்தறி ஊர்ல இது சகஜம், திங்கக்கெழம வாங்க, காதுக்கு ஒரு மெஷின் வெச்சுப் பாக்கலாம். அவளிடம் சொல்லவில்லை. மகளிடம் சொன்னான். பேஷண்டுக்குக் கேட்காது என்று நினைத்தானோ என்னவோ, அவளுக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

திங்கட்கிழமை என்றால் நாளைக்கு. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு இந்துஜா கோயமுத்தூரிலிருந்து காரில் வந்துவிடுவாள், ராத்தங்கி, காலையில் அம்மாவை அள்ளிப் போட்டுக்கொண்டு ஈரோடு போவாள். இப்போது மணி ஒன்பதரை. மூன்று மணி நேரம் இருக்கிறது. மூன்று மணி நேரத்துக்குள் இந்தச் சத்தம் பெட்டிக்குள் இருக்கிறதா தன் மண்டைக்குள் இருக்கிறதா என்று பூங்கோதை கண்டுபிடித்தாக வேண்டும். பெட்டிக்குள் இருந்தால் அது ஃபால்ட், அவள் இன்ஜினியர், கை வைத்தால் தீர்ந்தது. மண்டைக்குள் இருந்தால் அவள் நோயாளி, மற்றவர்கள் அவள்மேல் கை வைப்பார்கள். இதற்கு நடுவில் மூன்றாவது ஒன்று கிடையாது. "ஏனுங்க," என்று கூப்பிட்டாள். ஜன்னலோரம் நாளிதழை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சிவமலை தலையைத் தூக்கவில்லை. அவள் கணவர். எட்டுத் தறி போட்டு நாற்பது வருஷம் ஓட்டியவர், போன வருஷம்தான் தறிகளைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். "ஏனுங்க." இப்போது நிமிர்ந்தார். "உங்களுக்குக் கேக்குதுங்களா?" "என்னது?" "இரைச்சலுங்க." அவர் மேலே பார்த்தார். "ஃபேனா?" ஃபேன் ஓடவே இல்லை, பத்து நிமிஷத்துக்கு முன்னாலேயே அவள் அணைத்துவிட்டாள், அந்த மனுஷன் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அதுகூடத் தெரியவில்லை. குமாரபாளையத்தில் யாரைக் கேட்டும் பிரயோஜனமில்லை. ஊரே டக்கடக்கடக்க என்று ஆறு நாளும் அடித்துக்கொள்கிற ஊர், ஞாயிறு ஒரு நாள்தான் தறிக்கு லீவு, அந்த ஒரு நாளும் ஜனங்கள் பழக்கதோஷத்தில் கத்தித்தான் பேசுவார்கள், பக்கத்தில் நிற்பவனிடம் உப்பு கேட்பதைக்கூட ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவனைக் கூப்பிடுவது போலத்தான் கேட்பார்கள். இந்தத் தெருவில் ஒரு மெல்லிய ஓசையைக் கேட்கத் தெரிந்த காது ஒன்றே ஒன்றுதான். அதையும் இப்போது ரிப்பேர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்தக் காதா ரிப்பேர்? அவளுக்குள் சுள்ளென்று ஏறியது. தொண்ணூற்றி ஏழில், ஐப்பசி மாத மழையில், ஸ்கூட்டியில் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தாள். ஹெல்மெட் போட்டிருந்தாள், மழை வேறு, லாரி வேறு. முக்கிலிருந்த டிரான்ஸ்பார்மரைத் தாண்டிப் பத்தடி போனவள் பிரேக் போட்டாள். ஓசை மாறியிருந்தது. எப்படி மாறியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, வழக்கமாகப் பாடுகிற ஆள் தொண்டையில் சளியோடு பாடினால் எப்படித் தெரியுமோ அப்படித் தெரிந்தது. வரவழைத்த லைன்மேன் வேலுச்சாமி, "நல்லாத்தானுங்க மேடம் ஓடுது, மழைக்கு அப்பிடித்தானுங்க," என்றான். "எறக்குடா சுவிட்சை." இறக்கினான். ஊரே இருட்டாகி அவள் வம்சத்தையே திட்டியது. மறுநாள் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு பக்கம் கருகி, இன்னும் ஒரு மணி நேரம் ஓடியிருந்தால் வெடித்திருக்கும், அதன் அடியில் அன்றைக்குச் சந்தைக்கடை போட்டிருந்தார்கள், குழந்தை குட்டியோடு. அதற்கப்புறம் வேலுச்சாமி அவள் காதைப் பற்றி எல்லா செக்‌ஷனிலும் சொல்லிக்கொண்டு திரிந்தான். கோட்டத்தில் ஒரு பேச்சே இருந்தது, டிரான்ஸ்பார்மர் பக்கத்துல போயி அந்தம்மாவ நிறுத்துங்க, நல்லாருக்கா இல்லையானு சொல்லிப்போடும். அந்தக் காது. ம்ம்ம்ம். இதோ இப்போதும் சொல்கிறது. ஆனால் காது சொல்வதை யார் சரி பார்ப்பது, காதையே காது சரி பார்த்துக்கொள்ள முடியுமா, பூங்கோதை யோசித்தாள், யோசனை போகிற இடம் பிடிக்காமல் எழுந்து வேலையைப் பார்த்தாள்.

வேலையை அவள் ஒழுங்காகத்தான் செய்தாள், அதில் குறை சொல்ல முடியாது. முதலில் ஃபிரிட்ஜ். பிளக்கைப் பிடுங்கினாள், வந்து நின்று கேட்டாள், ம்ம்ம்ம் இருந்தது. டியூப்லைட், அதன் சோக், அணைத்தாள். டி.வி. பெட்டி, கேபிள் டப்பா, செல்போன் சார்ஜர், வாசல் காலிங்பெல்லின் சின்ன டிரான்ஸ்பார்மர் வரை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். இருந்தது. ரெக்கார்டு பிளேயரிலிருந்து ஆம்பிளிஃபயருக்கு வருகிற கேபிளைக் கழற்றி வேறு கேபிள் போட்டாள். இருந்தது. வால்யூமைக் குறைத்தால் குறைந்தது, கூட்டினால் கூடியது, அல்லது கூடியதாக அவளுக்குத் தோன்றியது, அந்த "தோன்றியது" என்கிற சொல்லை அவள் ஆயுசில் ஒரு ரிப்போர்ட்டிலும் எழுதியதில்லை. ஆம்பிளிஃபயருக்குள் குறையா? அதை அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். கடையில் வாங்கிய சாமானாக இருந்தால் சந்தேகப்படலாம், இது அவள் கையால் பண்ணியது. ரிட்டையர் ஆன ஆறாம் மாசம் போர்டு தனியாக, டிரான்ஸ்பார்மர் தனியாக, இரும்புப் பெட்டி தனியாக வாங்கி, சாப்பாட்டு மேஜையை மூன்று வாரம் ஆக்கிரமித்துக்கொண்டு, ஒவ்வொரு பற்றவைப்பையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்தது. முதல் தடவை சுவிட்ச் போட்டபோது ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு கேட்டாள். ஒன்றுமில்லை. சுத்தமான ஒன்றுமில்லை. அதன்மேல் ஒரு பழைய கேசட்டிலிருந்து வீணையின் முதல் மீட்டு வந்து விழுந்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிவமலை பயந்துபோய், "ஷாக்கு அடிச்சிருச்சா?" என்று கேட்டார். மாசிவரைக்கும் அப்படித்தான் இருந்தது. பங்குனியில் வெயில் ஆரம்பித்தது, கூடவே இதுவும் ஆரம்பித்தது. வெயிலுக்கும் இரைச்சலுக்கும் என்ன சம்பந்தம் என்று இதோ ஐந்தாவது ஞாயிறாக மண்டையை உடைத்துக்கொள்கிறாள். சூட்டில் மூளை உருகுகிறது, அதுதான் சம்பந்தம், என்று இந்துஜா போனில் சொன்னாள், விளையாட்டுக்குத்தான் சொன்னாள்.

எர்த்தாக இருக்கவே முடியாது. அதை எடுத்ததுமே அவள் பட்டியலிலிருந்து அடித்துவிட்டாள். எர்த்தைப் பற்றி அவளிடம் யாராவது பேசத்தான் முடியுமா, அவள் பேரே வாரியத்தில் எர்த்தம்மா. புதுச் சர்வீஸுக்கு யார் எழுதிக் கொடுத்தாலும் அவள் முதலில் கேட்பது, எர்த் குழி எங்கே. வெறும் இரும்புக் கம்பியை மண்ணில் அடித்துவிட்டு இதுதாங்க எர்த்து என்று இளித்த வீடுகளில் வாசலோடு திரும்பியிருக்கிறாள். எட்டடி ஆழம், குழாய், சுற்றிலும் ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு உப்பு, மேலே புனல் வைத்த சிமெண்டுத் தொட்டி, கோடையில் வாரம் தவறாமல் தண்ணீர். ஒரு ஸ்பின்னிங் மில்லில், முதலாளி பெரிய ஆள், மேஜைமேல் காப்பியும் முந்திரிப் பருப்பும் வைத்துவிட்டுக் குழைகிறார், இவள் பின்பக்கம் போய்ப் பார்த்தால் இரண்டு எர்த் குழி, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை. "ஒரே எடத்துல ரெண்டு எர்த்து தனித்தனியா நின்னா அது ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடுமுங்க. சேத்துக் கட்டுங்க. கட்டாம சப்ளை கெடையாது." எங்கெங்கிருந்தோ போன் வந்தது. அவள் அசையவில்லை. ஒன்பதாம் நாள் தடியான தாமிரப் பட்டை போட்டுச் சேர்த்துக் கட்டினார்கள். அப்படிப்பட்டவள் சொந்த வீட்டு எர்த்தை நம்பவில்லை என்பதுதான் வேடிக்கை. வீடு கட்டும்போது அவள் மேட்டூரில் டிரான்ஸ்பரில் இருந்தாள், கொழுந்தனார் யாரோ ஒரு எலக்ட்ரீசியனைக் கூட்டிவந்து எர்த்து போட்டுவிட்டார், கரி போட்டானா, உப்பு போட்டானா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஆகவே போன தை மாசம், பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்று நல்ல நிலையில் கிடைத்ததும், வீட்டுப் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஆள் விட்டுக் குழி தோண்டி, கூடவே நின்று, தன் கையால் கரியும் உப்பும் கொட்டி, பாட்டுக்கென்றே தனி எர்த்து போட்டுக்கொண்டாள். அதிலிருந்து பச்சை வயர் ஒன்று ஜன்னல் வழியாக நேராக ரெக்கார்டு பிளேயரின் இரும்பு அடிப்பாகத்துக்கு வருகிறது. வீட்டு எர்த்தோடு அதை அவள் தொட விடவில்லை. கண்டவன் போட்ட எர்த்தோடு என் எர்த்து எதற்குச் சேர வேண்டும்? சொல்லப்போனால் அந்த வீட்டில் அவள் முழுசாக நம்புகிற பொருள் அந்தப் பச்சை வயர் ஒன்றுதான்.

அணைத்துப் பார்க்கலாம். ஆம்பிளிஃபயரை அணைத்தாள். அணைத்த பிறகும் கொஞ்ச நேரத்துக்கு அது நிற்கவில்லை, இன்னும் கொஞ்சம் தூரத்துக்குப் போய் நின்றுகொண்டு அதே சுருதியில் ம்ம்ம்ம் என்றது. இதுதான் கொடுமை. நிஜமாகவே அணைந்துவிட்டதா, கேட்டுக் கேட்டுப் பழகிய காது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதா? இரண்டு காதிலும் விரலை விட்டு அடைத்தாள். குப்பென்று ஒரு ஓசை உள்ளே எழுந்தது, ஆழத்தில், கடகடவென்று, ரத்தமோ சதையோ எதுவோ. அதுவும் இதுவும் ஒன்றா? விரலை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். தன் தலைக்கு வெளியே எது, உள்ளே எது என்று தெரியாமல் அறுபத்திமூன்று வயதுப் பெண் ஒருத்தி பட்டப்பகலில் கூடத்தின் நடுவில் காதைப் பொத்திப் பொத்தித் திறந்துகொண்டிருந்தாள், ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. சிவமலை பார்த்தார். நாளிதழை மடித்தார். "கோதை," என்றார் சத்தமாக. "எர்த்து காஞ்சு கெடக்கும். நீதான சொல்லுவ, வெயில் காலத்துல தண்ணி ஊத்தோணும்னு. நான் நாலு குடம் ஊத்திப்போட்டு வர்றன்." "காத்தால வெள்ளெனவே ஊத்திட்டனுங்க." அவருக்கு அது கேட்கவில்லை, அல்லது கேட்டும் ஏதாவது செய்யாமல் உட்கார முடியவில்லை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கம் போனார். போகட்டும். ஊற்றினால் எர்த்துக்கு நல்லதுதான். பூங்கோதை அலமாரியைப் பார்த்தாள்.

அலமாரியில் மேல் தட்டில், சேலைகளுக்குப் பின்னால், மீட்டர் இருக்கிறது. ஐந்து ஞாயிறாக அவள் அந்தத் தட்டைத் திறக்கவே இல்லை. ஃபிரிட்ஜைப் பிடுங்கினாள், காலிங்பெல்லைப் பிடுங்கினாள், மீட்டரை எடுக்கவில்லை. ஸ்பீக்கர் முனையில் மீட்டரை வைத்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும், சத்தம் இருந்தால் நம்பர் இருக்கும், சத்தம் இல்லையென்றால் சைபர். இது ஐடிஐ படிக்கிற பையனுக்குக்கூடத் தெரியும். புதிதாக வருகிற ஜூனியர்களிடம் அவள் வாய் ஓயாமல் சொன்னது வேறு என்ன? உங்க அபிப்பிராயம் எனக்கு வேண்டாம், மீட்டர் என்ன சொல்லுது? மீட்டர் சொல்வதை அவள் ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை. அதனால்தான் எடுக்கவில்லை. டாக்டர் சொன்னதை மறுக்கலாம், மகள் சொன்னதை மறுக்கலாம், மீட்டர் சைபர் என்று சொல்லிவிட்டால் அப்புறம் யாரிடம் போய் வழக்காடுவது? அவளுக்குப் பயம். அந்த வார்த்தையை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள், பயம், பதினோராயிரம் வோல்ட் லைனுக்குக் கீழே நின்றபோது வராத பயம். சைபர் என்று வந்தால் சைபர். நாளைக்கு மெஷினை மாட்டிக்கொள்வது. அதற்காக எத்தனை நாள் ஒரு கருவியைக் கண்டு ஒளிவது? ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள், முழங்கால் மொடுக்கென்றது, அந்த ஓசைகூடத் தெளிவாகக் கேட்டது, அதை ஒரு நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ள அவளுக்கு வெட்கமாக இல்லை.

ஆம்பிளிஃபயரைத் திரும்பப் போட்டாள். ஸ்பீக்கரின் சிவப்பு முனையில் ஒரு கிளிப், கறுப்பு முனையில் ஒரு கிளிப். மீட்டரின் திருகை மில்லிவோல்ட்டில் வைத்தாள். உடனே பார்க்கவில்லை. சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள், பங்குனி இருபத்தொன்பது, சுபமுகூர்த்தம், யாருக்கோ கல்யாணம். அப்புறம் குனிந்தாள். முப்பத்தெட்டு. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். முப்பத்தெட்டு மில்லிவோல்ட், சின்னதாக ஆடியபடி, முப்பத்தேழு, முப்பத்தெட்டு. இருக்கிறது. வெளியே இருக்கிறது. மண்டைக்குள் இல்லை, உலகத்தில் இருக்கிறது. பூங்கோதை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு சந்தோஷம் அவளுக்குள் பொங்கி வந்தது, வாயில்லாத மீட்டர் ஒன்று சபை நடுவில் எழுந்து அந்தம்மா சொல்றது நெசந்தானுங்க என்று சாட்சி சொன்னது போல. டாக்டர் தம்பி, உன் கோடு சரியட்டும், வலது பக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் சரியட்டும், முப்பத்தெட்டு மில்லிவோல்ட்டை நான் நாற்காலியில் உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்டிருக்கிறேன். உனக்குக் கேட்குமா? முப்பத்தெட்டு. வருஷத்துக்கு ஒன்று, எத்தனை வருஷம் சர்வீஸோ அத்தனை. அவள் சிரித்துக்கொண்டே மீட்டரைப் பார்த்தாள். நாற்பத்தொன்று.

நாற்பத்தொன்றா? நாற்பத்து நாலு. அவள் எதையும் தொடவில்லை. நாற்பத்தொன்பது. காதும் அதையே சொன்னது, ம்ம்ம்ம் தடித்துக்கொண்டு வந்தது. ஐம்பத்தாறில் ஏறி நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. என்ன நடக்கிறது, ஃபிரிட்ஜ் இல்லை, ஃபேன் இல்லை, வீட்டில் ஒன்றும் ஓடவில்லை, தறி இல்லை. ஐம்பத்தெட்டு. அறுபத்து மூன்று. அப்போதுதான் பின்பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டது, உண்மையில் கொஞ்ச நேரமாகவே கேட்டுக்கொண்டிருந்ததைக் கவனித்தாள். குடத்திலிருந்து புனலுக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தம். களக் களக் களக். நின்றது. சிவமலையின் செருப்பு குழாயடிக்குப் போனது, குடம் நிரம்பியது, செருப்பு திரும்பி வந்தது. களக் களக். எழுபது. வாரம் தவறாமல். ஞாயிறு காலை ஏழு மணிக்கு, பங்குனி பிறந்த நாளிலிருந்து, வாரம் தவறாமல் ஊற்றியிருக்கிறாள். ஊற்றிவிட்டுக் குளித்துவிட்டு வந்து ஒன்பதரைக்கு உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். ரெக்கார்டு பிளேயர் பின்பக்கத்து எர்த்தில், ஆம்பிளிஃபயர் மூன்று பின் பிளக் வழியாக வீட்டு எர்த்தில், இரண்டு எர்த்துக்கும் நடுவில் இருக்கிற ஒரே பாலம் பாட்டு வருகிற கேபிள். காய்ந்து கிடந்தவரைக்கும் சண்டை போடத் திராணி இல்லாமல் கிடந்தன. அவள் தண்ணீர் ஊற்றித் தெம்பு கொடுத்திருக்கிறாள். அந்தச் சண்டைக் கரண்ட் முழுதும் கேபிளைச் சுற்றிய வலைக்கம்பியில் ஓடி ஸ்பீக்கரில் வந்து முனகுகிறது. ஒரே இடத்தில் இரண்டு எர்த்து தனித்தனியாக நிற்கக் கூடாது. யார் சொன்னது? எர்த்தம்மா சொன்னது. ஒரு மில்லுக்கு ஒன்பது நாள் சப்ளை கொடுக்காமல் நிறுத்தி வைத்துச் சொன்னது. அந்த முதலாளி இந்நேரம் இந்த ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தால் முந்திரிப் பருப்பை வாயில் போட்டுக்கொண்டே சிரித்திருப்பார். அவளுக்கு முகமெல்லாம் சூடானது. ஜூனியர் பையன் யாராவது இப்படிச் செய்திருந்தால் அவன் பரம்பரைக்கே மெமோ கொடுத்திருப்பாள்.

குறடு எடுத்துப் பச்சை வயரின் திருகைத் தளர்த்தி, ரெக்கார்டு பிளேயரின் அடியிலிருந்து வயரைத் தூக்கினாள். மீட்டர் ஒன்று என்றது. ஸ்பீக்கர் ஒன்றும் சொல்லவில்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். தூரத்தில் காவேரிக் கரையில் யாரோ துணி துவைக்கிறார்கள், பக்கத்து வீட்டில் குக்கர் விசிலுக்கு முந்தின சீற்றம், சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள், கீழே அவளுடைய சொந்த மூச்சு, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அந்தச் சுத்தமான ஒன்றுமில்லை திரும்பி வந்திருந்தது. சிவமலை ஈரக் காலோடு பின்வாசல்படியில் வந்து நின்றார். "எர்த்து நல்லாக் குடிக்குது. இப்பத் தேவலயா?" "என்ற தப்புங்க," என்றாள் பூங்கோதை. "என்னது?" "தப்பு என்ற மேலதானுங்க." "எதுக்கு மேல?" அவள் எழுந்து நின்றாள். முப்பத்தெட்டு வருஷ சர்வீஸிலும் நாற்பது வருஷக் குடித்தனத்திலும் சொல்லாத அந்த ஒரு வாக்கியத்தை, குமாரபாளையம் முறைப்படி, தெரு முக்குவரை கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள். "நான் போட்ட எர்த்து தப்புங்க. நாந்தான் தப்புப் பண்ணிட்டன். என்ற காது நல்லாருக்குது." பக்கத்து வீட்டு மல்லிகா மதில்மேல் எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும். இவ்வளவு பெருமையாக ஒரு தப்பை ஒத்துக்கொண்டவள் அந்தத் தெருவில் இருந்திருக்க மாட்டாள்.

"இங்க வாங்க," என்று அவரை ஸ்பீக்கருக்கு முன்னால் உட்கார வைத்தாள். வயரைத் திரும்ப அதன் இடத்தில் தொட வைத்து, வால்யூமை முழுதும் ஏற்றினாள். அறை அதிர்ந்த மாதிரி இருந்தது, அவளுக்குக் காது கூசியது. "கேக்குதுங்களா?" அவர் அவள் உதட்டைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார், மரியாதைக்குத் தலையாட்டலாமா என்று யோசிப்பது தெரிந்தது. அவள் அவர் கையைப் பிடித்து ஸ்பீக்கரின் கறுப்புத் தாள் கூம்பில் உள்ளங்கையை வைத்தாள். அவர் முகம் மாறியது. "அட, ஆமா. குறுகுறுங்குது." கையை எடுக்கவே இல்லை. "இதுதான் அந்தச் சத்தமா? ரெம்ப நாளா உன்னையப் படுத்துனது?" வால்யூமின் திருகைப் பிடித்திருந்த அவள் கை நின்றது. இவ்வளவு சத்தம் இவருக்குக் கேட்கவில்லை என்றால் வீணை? வால்யூமில் கால்வாசிகூட வைக்காமல் அவள் கேட்கிற வீணை? "ஏனுங்க, ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை எங்கூட உக்காந்து தட்டு கேப்பீங்களே." "ஆமா." "கேட்டீங்களா?" அவர் மாட்டிக்கொண்டவர் போலச் சிரித்தார். "நீ கேட்டுட்டு இருப்ப, உன்ற மொகத்தப் பாத்தாத் தெரியும் இப்ப நல்ல எடம் வந்துருச்சுனு. அது போதாதா?" பத்தடி தள்ளி ஓடுகிற டிரான்ஸ்பார்மரின் சளியைக் கண்டுபிடித்தவள், ஒரே வீட்டில், ஒரே கூடத்தில், இதை எப்படிக் கேட்காமல் போனாள்? தன் காதைப் பற்றியே ஐந்து வாரம் மூச்சு விடாமல் யோசித்திருக்கிறாள். செல்போனை எடுத்தாள்.

"எங்க கண்ணு வர்ற?" "பெருந்துறை தாண்டிட்டன்மா. என்னாச்சு, சத்தம் ஜாஸ்தியா இருக்குதா?" "சத்தத்தப் புடிச்சுட்டன். எழுவது மில்லிவோல்ட்டு. என்ற எர்த்துல இருந்து வந்துது." "உன்ற எர்த்துலயா? உன்னுதுலயா?" "என்னுதுலதான். வந்ததும் எவ்வளவு வேணாலும் சிரிச்சுக்க." "அப்ப நாளைக்கு ஆஸ்பத்திரி?" பூங்கோதை கூடத்தைப் பார்த்தாள். சிவமலை இன்னும் ஸ்பீக்கரில் கையை வைத்தபடி, தலையைச் சாய்த்துக்கொண்டு, ஏதோ முக்கியமான சேதி கேட்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். "போறோம், கண்ணு. பேர மட்டும் மாத்திச் சொல்லீரு. உங்கொப்பன் பேரு." போனை வைத்துவிட்டு, பரணிலிருந்து தடித்த தாமிரக் கம்பிச் சுருளை எடுத்து வைத்தாள், இரண்டு எர்த்தையும் சேர்த்துக் கட்டப் பதினைந்தடியாவது வேண்டும், சாப்பாட்டுக்குப் பிறகு வெயில் தாழ உட்கார்ந்து கட்டிக்கொள்ளலாம். அதுவரை அவசரமில்லை. கணவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வால்யூமைத் தன் அளவுக்குக் குறைத்தாள், அவர் கைக்குத் தெரியாத அளவுக்கு, மீட்டரில் வெறும் நாலு மில்லிவோல்ட் காட்டுகிற அளவுக்கு. பச்சை வயரைத் தூக்கினாள், நின்றது. தொட்டாள், ம்ம்ம்ம். தூக்கினாள். தொட்டாள். தன் கையால் செய்த தப்பு, துல்லியமாக, இரண்டு காதிலும், அவளுக்கு நன்றாகக் கேட்டது.